படுக்கை சப்போரோவில், படம் பியெய்யில்: ஹொக்கைடோ ஒரு நாள் சுற்றுலாவின் செலவை யார் ஏற்பது?

ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவில், விடுதிகளில் தங்குவோருக்கு 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வரி நடப்புக்கு வந்துள்ளது. ஆளுக்கு ஓர் இரவுக் கட்டணம் 20,000 யென்னுக்குக் குறைவாக இருந்தால் மாநில அரசுக்கு 100 யென் செலுத்த வேண்டும். அதற்கு மேல் 200 யென். 50,000 யென்னை எட்டினால் 500 யென். தலைநகர் சப்போரோவில் தங்கினால் மாநகருக்கென்று தனியாக 200 யென் சேரும்; விலை உயர்ந்த அறைகளுக்கு அதுவும் 500 யென். நடுத்தர விடுதியில் ஐந்து இரவுகள் தங்கும் நால்வர் குடும்பத்துக்கு மொத்தம் 6,000 யென் வரும். விமானச் சீட்டு விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை.

ஆனால் அந்தப் பணம் எந்த ஊருக்குப் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. மலேசியாவிலிருந்து ஹொக்கைடோவுக்குச் செல்வோரின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சப்போரோவில் நான்கைந்து இரவுகள் தங்குவது. ஒரு நாள் ஒத்தாரு துறைமுகம், ஒரு நாள் பியெய், ஃபுரானோ வயல்வெளிகள், ஒரு நாள் நொபொரிபெட்சு வெந்நீர் ஊற்று அல்லது தோயா ஏரி. காலையில் கிளம்பி இரவுக்குள் சப்போரோ திரும்பிவிட வேண்டும். படுக்கை ஓர் ஊரில், படம் எடுப்பது வேறோர் ஊரில். வரியில் ஊருக்கென்று இருக்கும் பங்கு படுக்கை இருக்கும் ஊருக்கே போகிறது. கூட்டத்தைத் தாங்குவதோ படம் எடுக்கப்படும் ஊர்.

இந்த இடைவெளி கடந்த சில ஆண்டுகளில் மரம் வெட்டுதல், காவலர் நிறுத்தம், உயிரிழப்பு என்று வெளியே தெரியத் தொடங்கியிருக்கிறது. ஹொக்கைடோவுக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் இதை அறிந்துகொண்டு போவது நல்லது.

எல்லா வழியும் சப்போரோவுக்கு

ஹொக்கைடோ பெரிய நிலப்பரப்பு. பகாங், பேராக், ஜொகூர் ஆகிய மூன்று மாநிலங்களையும் சேர்த்தாலும் அதைவிட அது சற்றுப் பெரியது. அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 5 மில்லியன் பேர். அவர்களில் பத்தில் நான்கு பேர் சப்போரோ நகரில் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

சப்போரோ சுற்றுலாவுக்கு வாய்ப்பான நகர்தான். நியூ சிட்டோசே விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் நாற்பது நிமிடங்களுக்குள் நகர் மையத்தை அடையலாம். 1972 குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கு முன்னதாக, 1971 டிசம்பரில் திறக்கப்பட்ட சுரங்க ரயில் இன்றும் இரும்புச் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டயரில் ஓடுகிறது. ஆண்டுக்கு ஐந்து மீட்டர் அளவுக்குப் பனி கொட்டும் இந்த நகரம், சாலைப் பனியை அகற்ற மட்டும் ஆண்டுதோறும் 20 பில்லியன் யென்னுக்கு மேல் செலவிடுகிறது. 1950இல் பள்ளி மாணவர்கள் ஓடோரி பூங்காவில் செய்த ஆறு பனிச் சிலைகளில் தொடங்கிய பனி விழா, இன்று பிப்ரவரி மாத விடுதி அறைகளையெல்லாம் நிரப்பிவிடுகிறது.

மலேசியர்களுக்கு 2013 ஜூலையில் ஜப்பான் விசா விலக்கு அளித்தது. 2015இல் ஏர் ஏசியா எக்ஸ் கோலாலம்பூரிலிருந்து சப்போரோவுக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. அதன்பின் பனி பார்க்கும் ஆசை, வசதி படைத்தவர்களோடு நின்றுவிடவில்லை. ஆசிரியர்கள், தாதியர், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணிமார் என்று பலரும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையைக் கணக்கிட்டுச் சீட்டு வாங்குகிறார்கள். ஜப்பானுக்குச் சென்ற மலேசியர்களின் எண்ணிக்கை 2019இலும் 2024இலும் 5 லட்சத்தைத் தாண்டியது. யென்னின் மதிப்புச் சரிவு அதற்கு மேலும் கைகொடுத்தது. ஜப்பானுக்கு வந்த மொத்த வெளிநாட்டினர் 2024இல் 36.87 மில்லியன்; 2025இல் 40 மில்லியனைக் கடந்தனர். 2030க்குள் 60 மில்லியன் என்பது ஜப்பான் அரசின் இலக்கு.

அந்த இலக்கில் ஒரு பகுதியை ஹொக்கைடோ சுமக்க வேண்டும். சுமக்கப் போவது சப்போரோ மட்டுமல்ல என்பதுதான் சிக்கல்.

ஒத்தாரு: நிலக்கரிக்குப் போட்ட ரயில்

சப்போரோவிலிருந்து செய்யும் ஒரு நாள் பயணங்களில் மிக எளிதானது ஒத்தாரு. ரயிலில் முப்பது, நாற்பது நிமிடங்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் இஷிகாரி விரிகுடாக் கடல் சன்னலை ஒட்டி வரும்.

அந்தப் பாதை சுற்றுப்பயணிகளுக்காகப் போடப்பட்டதன்று. 1880இல் ஒத்தாருவின் தெமியா பகுதிக்கும் சப்போரோவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. உள்நாட்டில் ஹொரொநாய் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரியைக் கப்பலுக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். 1882இல் பாதை சுரங்கம் வரை நீண்டது. நிலக்கரியாலும் ஹெர்ரிங் மீனாலும் ஒத்தாரு செழித்தது. வங்கிகள் வரிசையாகக் கிளை திறந்தன. 1923இல் கட்டி முடித்த கால்வாயில் சரக்குப் படகுகள் நெருக்கியடித்து நின்றன.

1950களில் ஹெர்ரிங் மீன் வரத்து நின்றது. பிறகு நிலக்கரியும் ஓய்ந்தது. பயனற்றுப்போன கால்வாயை முழுவதும் தூர்த்துச் சாலை போட நகராண்மைக் கழகம் திட்டமிட்டபோது ஊர் மக்கள் எதிர்த்து நின்றனர். பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த இழுபறியில் பாதி கால்வாய் சாலையானது. மீதிப் பாதி 1986இல் நடைபாதையும் எரிவாயு விளக்குகளுமாகப் புதுப்பிக்கப்பட்டது. இன்று படங்களில் காணும் ஒத்தாரு அந்தப் போராட்டத்தின் மிச்சம். சுற்றுலா அந்த ஊரைத் தாங்கிப் பிடித்தது என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் 1960களில் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த ஒத்தாருவின் மக்கள்தொகை இன்று ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. பகல் முழுதும் தெரு நிறைய ஆள். மாலை ஐந்து, ஆறு மணிக்குப் பிறகு கடைகள் மூடிவிடும். வந்தவர்கள் சப்போரோவுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு பனிக்கூழ், ஓர் இசைப்பெட்டி, ஒரு வேளை சுஷி. பலர் விட்டுச்செல்லும் பணம் அவ்வளவுதான்.

அவர்கள் போகுமிடமும் மாறிவிட்டது. 1995இல் வெளிவந்த 'லவ் லெட்டர்' என்ற ஜப்பானியத் திரைப்படம் ஒத்தாருவில் எடுக்கப்பட்டது. சீனா, கொரியா உள்ளிட்ட நாடுகளில் அதற்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அந்தப் படத்தாலும் சமூக ஊடகங்களாலும், கால்வாயைத் தாண்டிக் குடியிருப்புப் பகுதிகளுக்கும் கூட்டம் போகிறது. கடலைப் பார்த்து இறங்கும் ஃபுனாமிசாக்கா சரிவுச் சாலையின் இருபுறமும் வீடுகள். படம் எடுப்பவர்கள் நடுச்சாலையில் நிற்க, வண்டிகள் பனியில் சறுக்காமல் மேடேறத் திணறின. நகராண்மைக் கழகம் காவலர்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

2025 ஜனவரியில் விபரீதம் நேர்ந்தது. கடலோரமாக ரயில் போகும் அசாரி நிலையத்துக்கு அருகே, தண்டவாளப் பகுதியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹாங்காங் பெண்மணி ஒருவர் ரயில் மோதி உயிரிழந்தார். வயது அறுபதைக் கடந்தவர். அழகான காட்சி என்று பகிரப்பட்ட இடம், அன்றாடம் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போவோரும் பயணம் செய்யும் பாதை.

பியெய்: விளம்பரம் நட்ட மரங்கள்

சப்போரோவிலிருந்து வடகிழக்கே, சாலை வழி இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் பியெய் வரும். மேடும் பள்ளமுமாக விரியும் வயல்களில் கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரைக் கிழங்கு என்று பயிரை மாற்றி மாற்றி நடுவார்கள். அதனால் நிலம் ஒட்டுத்துணி போலப் பல நிறங்களில் தெரியும். மண் வளம் கெடாமலிருக்க உழவர்கள் செய்யும் சுழற்சி முறைதான் அந்த அழகுக்குக் காரணம். யாரும் காட்சிக்காக நட்டதில்லை.

காட்சிப் பொருளாக்கியது விளம்பர உலகம். 1970களில் ஒரு மரம் நிசான் கார் விளம்பரத்தில் வந்தது. அதற்கு 'கென், மேரி மரம்' என்று பெயராயிற்று. இன்னொரு மரம் 'செவன் ஸ்டார்ஸ்' சிகரெட் பெட்டியில் இடம்பெற்று அதே பெயரைப் பெற்றது. 2012இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினித் திரைப்படங்களில் ஒன்றாக பியெய்யின் நீலக் குளத்தைச் சேர்த்தது. அந்தக் குளமும் இயற்கை அமைத்ததன்று. தொக்காச்சி எரிமலை 1988இல் குமுறியதைத் தொடர்ந்து, சேற்று வெள்ளம் ஊருக்குள் வராமல் தடுக்கக் கட்டிய அணையில் தேங்கிய நீர் அது. அதே எரிமலை 1926இல் குமுறியபோது சேற்று வெள்ளத்தில் 144 பேர் மாண்டனர்.

பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் பியெய்க்கு ஆண்டுதோறும் 2 மில்லியனுக்கு மேற்பட்டோர் வருகிறார்கள். பெரும்பாலோர் சப்போரோவிலோ அசாஹிகாவாவிலோ தங்கிப் பகலில் வந்து போகிறவர்கள். படத்துக்காக வயலுக்குள் இறங்குவது அங்கே பழைய புகார். உழவர்கள் அஞ்சுவது பயிர் மிதிபடுவதை மட்டுமன்று. காலணி மண்ணோடு ஒட்டி வரும் நூற்புழுவும் நோய்க்கிருமியும் ஒரு முறை உருளைக்கிழங்கு நிலத்தில் புகுந்துவிட்டால், பல ஆண்டுகளுக்கு அந்த மண்ணை விட்டுப் போகாது. பனிக்காலத்தில் வயல் எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் வெண்மையாகிவிடும். விதைத்த கோதுமை அந்தப் பனிக்கடியில்தான் இருக்கும்.

2016 பிப்ரவரியில், 'தத்துவ மரம்' என்று உலகம் கொண்டாடிய நெட்டை மரத்தை அதன் உரிமையாளரான உழவரே வெட்டிச் சாய்த்தார். மரம் முதுமையடைந்து சாயத் தொடங்கியிருந்தது. எச்சரிக்கைப் பலகைகளை மீறி வயலில் இறங்குவோர் நின்றபாடில்லை. இரண்டும் சேர்ந்து அந்த முடிவுக்குக் கொண்டுவந்தன.

2025 ஜனவரியில் அது மீண்டும் நடந்தது. 'செவன் ஸ்டார்ஸ்' மரத்துக்கு அருகே வரிசையாக நின்ற சுமார் 40 பூர்ச்ச மரங்கள் வெட்டப்பட்டன. மரங்களின் நிழல் பயிர் வளர்ச்சியைக் கெடுத்தது ஒரு காரணம். சாலையை அடைத்து நிற்கும் வாகனங்களும் வயலில் இறங்கும் கூட்டமும் இன்னொரு காரணம். மரம் வெட்டிய செய்தி பரவியதும் வருந்தியவர்கள் பலர். நிலம் வைத்துப் பிழைப்பவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டவர்கள் சிலர்.

ரயிலும் மெலிகிறது

வாகன நெரிசலுக்கு மருந்து ரயில் என்பது எல்லாருக்கும் தெரிந்த விடை. ஹொக்கைடோவில் அந்த மருந்தே குறைந்து வருகிறது.

1987இல் ஜப்பானிய தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபோது உருவான ஜே.ஆர். ஹொக்கைடோ நிறுவனம் 2016 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் பாதைகளில் ஏறக்குறையப் பாதியான 1,237 கிலோமீட்டரைத் தன் பலத்தால் மட்டும் இனி நடத்த முடியாது என்றது அது. அதன்பின் மூடுவிழாக்கள் தொடர்ந்தன. 2019 ஏப்ரலில் யூபாரி கிளைப் பாதை, 2021இல் ஹிடாக்கா கடலோரப் பாதையின் பெரும்பகுதி, 2024 ஏப்ரலில் ஃபுரானோவுக்கும் ஷின்தொக்குவுக்கும் இடைப்பட்ட பாதை என்று ஒவ்வொன்றாகப் போயின.

கடைசியாகச் சொன்ன பாதையில் இக்குதொரா என்ற சிறு நிலையம் உண்டு. 1999இல் வெளிவந்த 'பொப்போயா' என்ற படத்தில், மூடப்படவிருக்கும் கிளைப் பாதையின் கடைசி நிலையத் தலைவராகத் தக்காகுரா கென் நடித்தார். அந்தப் படம் எடுக்கப்பட்ட இடம் இக்குதொரா. 2016இல் சூறாவளி பாதையைச் சிதைத்தது. பழுதுபார்க்கும் செலவுக்கு ஆள் இல்லை. நிலையம் படக்காட்சி இடமாக நிற்கிறது, ரயில்தான் வருவதில்லை.

இதில் மலேசியப் பயணிகள் அறிந்திருக்க வேண்டிய இரண்டு உண்மைகள் உள்ளன. ஒன்று, அசாஹிகாவாவிலிருந்து பியெய் வழியாகச் செல்லும் ஃபுரானோ பாதையும் நிறுவனம் தனியாகத் தாங்க முடியாது என்று பட்டியலிட்ட எட்டுப் பாதைகளில் ஒன்று. 2 மில்லியன் பேர் வந்துபோகும் ஊருக்கு ரயில் நட்டத்தில் ஓடுகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பேருந்திலோ வாடகைக் காரிலோ வருவதால், அந்தக் கூட்டத்தின் பணம் தண்டவாளத்துக்கு வந்து சேர்வதில்லை. ரயிலை நம்பியிருப்பவர்கள் பள்ளி மாணவர்களும் முதியவர்களும்.

இரண்டாவது, ஒத்தாருவைத் தாண்டி யோய்ச்சி, நிசேக்கோ வழியாக ஒஷமாம்பே வரை போகும் மலைப் பாதை. புல்லட் ரயில் சப்போரோவுக்கு வரும்போது இந்தப் பழைய பாதையை மூடிப் பேருந்து விடுவது என்று 2022இல் முடிவாயிற்று. 1934இல் நிறுவப்பட்ட நிக்கா விஸ்கி ஆலையால் பேர்பெற்ற யோய்ச்சி வரை ரயிலில் நிறையப் பேர் ஏறுகிறார்கள். ஆனாலும் பாதை தப்பவில்லை. இதற்கிடையே, 2030 நிதியாண்டின் இறுதியில் வருவதாக இருந்த புல்லட் ரயில், சுரங்கப் பணிச் சிக்கல்களால் 2038 நிதியாண்டின் இறுதிக்குத் தள்ளிப்போகும் என்று 2025இல் தெரியவந்தது. ரயிலுக்குப் பதில் பேருந்து என்றவர்களுக்கு இன்னொரு முடிச்சு: பேருந்து ஓட்ட ஆள் இல்லை. 2024 ஏப்ரலில் ஓட்டுநர்களின் மிகைநேர வேலைக்குச் சட்ட வரம்பு வந்தபின் பற்றாக்குறை மேலும் கூர்மையாகி, சப்போரோவிலேயே பல தடங்களில் பேருந்துச் சேவை குறைக்கப்பட்டது.

யூபாரி தரும் பாடம்

சுற்றுலா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஹொக்கைடோவிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சப்போரோவுக்குக் கிழக்கே, அரை நாளில் போய் வரக்கூடிய தொலைவில் யூபாரி இருக்கிறது. இன்று வெளியூரார் அதை அறிவது விலை உயர்ந்த முலாம்பழத்தால். 1960இல் அது ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நிலக்கரி நகரம். நிறுவனம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள், நிறுவன மருத்துவமனை, நிறுவனக் குளியலறை. தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை.

சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. வீடுகளையும் நீர் வசதியையும் மருத்துவமனையையும் நகராட்சி ஏற்க வேண்டியதாயிற்று. நிலக்கரி போனால் என்ன, சுற்றுலா இருக்கிறது என்று சுரங்க வரலாற்றுப் பூங்கா, விடுதிகள், பனிச்சறுக்குத் தளம் எல்லாம் கடன் வாங்கிக் கட்டினார்கள். தொடக்கத்தில் கூட்டம் வந்தது, பிறகு ஓய்ந்தது. கடன் 35 பில்லியன் யென்னைத் தாண்டி, 2007இல் நகரம் நொடித்துப்போனது. நகராட்சி ஊழியர்கள் பாதிக்கு மேல் குறைக்கப்பட்டனர். பள்ளிகள் ஒரு தொடக்கப்பள்ளி, ஓர் இடைநிலைப்பள்ளி என்று சுருங்கின. இன்று அங்கு வாழ்வோர் ஏழாயிரத்துக்கும் குறைவு. தன் ஊரின் கிளைப் பாதையைத் தானே மூடச் சொல்லி, ஈடாக வேறு போக்குவரத்து வசதிகளைக் கேட்டு வாங்கிய அன்றைய மேயர் சுசுகி நவோமிச்சி, 2019இல் ஹொக்கைடோவின் ஆளுநரானார். தங்குமிட வரி அவருடைய ஆட்சியில்தான் வந்திருக்கிறது.

பியெய் யூபாரியைப் போன்றதன்று. அங்கு நிலம் இருக்கிறது, உழவு இருக்கிறது. அந்த உழவுதான் காட்சி. உழவர் வெறுத்துப்போய்க் கைவிட்டால் பார்க்க வருவதற்கும் ஒன்றும் இருக்காது. ஆகவே கூட்டத்தின் செலவை உழவர் தலையில் கட்டுவது, சுற்றுலாத் தொழிலுக்கே ஆபத்து.

பட்டியலில் இல்லாத ஊர்

ஒரு நாள் பயணங்களின் பட்டியலில் பலர் விட்டுவிடும் இடமும் உண்டு. சப்போரோ, ஒத்தாரு, பியெய், நொபொரிபெட்சு எல்லாமே ஐனு மொழியிலிருந்து வந்த பெயர்கள். ஜப்பானியர் பெருந்திரளாகக் குடியேறுவதற்கு முன் அந்தத் தீவில் வாழ்ந்த பழங்குடியினர் ஐனு மக்கள். 1869இல் ஹொக்கைடோ என்று பெயர் சூட்டிக் குடியேற்றத்தை முடுக்கிவிட்ட மெய்ஜி அரசு, அவர்களுடைய வேட்டை, மீன்பிடி உரிமைகளைப் பறித்தது. 1899இல் 'பாதுகாப்பு' என்ற பெயரில் வந்த சட்டம் அவர்களை உழவர்களாக்கி, மொழியையும் வழக்கத்தையும் கரைக்க முயன்றது. அந்தச் சட்டம் நீங்க 1997 வரை ஆயிற்று. ஐனு மக்களைப் பழங்குடியினர் என்று சட்டத்தில் எழுத 2019 ஆயிற்று.

2020 ஜூலையில் ஷிராஓய் ஊரில், பொரொத்தோ ஏரிக்கரையில் உபொபொய் என்ற தேசிய ஐனு அருங்காட்சியகமும் பூங்காவும் திறக்கப்பட்டன. சப்போரோவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். நொபொரிபெட்சு போகும் வழியிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லியன் பேர் வருவார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. வந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. மரத்தைப் பார்க்க வயலில் முண்டியடிப்பவர்கள், இடம் தாராளமாக இருக்கும் இங்கே வருவதில்லை. கூட்டம் அதிகம் என்பதைவிடக் கூட்டம் ஒரே இடத்தில் குவிகிறது என்பதே ஹொக்கைடோவின் நோய்.

வரி போதுமா?

புதிய வரியில் மாநிலத்துக்குப் போகும் 100 யென்னை எந்த ஊருக்கும் செலவிடலாம். பியெய் போன்ற ஊர்களின் நிறுத்துமிடம், கழிப்பறை, காவலர், வேலி ஆகியவற்றுக்கு அதிலிருந்து எவ்வளவு போகிறது என்பதே இந்த வரியின் வெற்றியைச் சொல்லும். வரிப்பணம் மீண்டும் விளம்பரத்துக்கே போனால், கூட்டம்தான் கூடும்.

பகலில் வந்து போகிறவர்களிடம் நேரடியாக வசூலிப்பது இன்னொரு வழி. நீலக் குளத்தில் 2020 முதல் வாகன நிறுத்தக் கட்டணம் வாங்குகிறார்கள். குளத்துக்கு ஒரே வாசல் என்பதால் அது எளிது. திறந்த வயல்வெளிக்கு வாசல் ஏது? அங்கே வருகிறவரின் பழக்கமே வேலி.

அந்தப் பழக்கத்தில் மலேசியப் பயணிகளுக்கும் பங்கு இருக்கிறது. ஐந்து இரவுகளில் ஓர் இரவையாவது பியெய்யிலோ ஃபுரானோவிலோ ஒத்தாருவிலோ கழித்தால், இரவு உணவும் காலைச் சிற்றுண்டியும் அந்த ஊர்க் கடைக்குப் போகும். பேருந்துக் கூட்டம் வருவதற்கு முன் கால்வாயையும் வயலையும் அமைதியாகப் பார்க்கவும் முடியும். ஒத்தாருவுக்கும் ஷிராஓய்க்கும் ரயிலே வசதி. குழுப் பயணம் என்றால், வயலோரத்தில் வண்டியை நிறுத்தாத முகவரா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். ஜேபிஜே தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியோடு அங்கே கார் ஓட்டலாம். ஆனால் ஈரச் சாலை போலத் தோன்றும் கண்ணாடிப் பனியில் ஓட்டிப் பழகாதவர்கள் குளிர்காலத்தில் அந்த ஆசையை விடுவதே நல்லது. தார் போட்ட சாலையை விட்டு ஓர் அடியும் வயலில் வைக்கக்கூடாது. பனி மூடியிருந்தாலும் அது ஒருவருடைய நிலம். தண்டவாளம் எந்த ஊரிலும் படம் எடுக்கும் இடமன்று. மரக்கறி உண்போருக்கு ஒரு குறிப்பு: சப்போரோவில் பிறந்த சூப் கறி நம் நாக்குக்குப் பிடிக்கும், காய்கறிச் சூப் கறியிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம் என்பதால் கேட்டுவிட்டு உண்பது நல்லது.

விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. புதிதாக வருகிறவரே விருந்தினர். வருகிறவரை முகம் கோணாமல் ஏற்பது வீட்டாரின் கடமை என்று பேசுவது நம் மரபு. ஆண்டுக்கு 2 மில்லியன் விருந்தினரைப் பத்தாயிரம் பேர் ஏற்கும்போது, முகம் கோணாமலிருக்கும் பொறுப்பில் வருகிறவருக்கும் பாதி சேரும். பியெய்யில் இன்னும் பல மரங்கள் நிற்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் ஒவ்வொரு குளிர்காலத்தின் முடிவிலும் தம் நிலத்தைச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். அடுத்த மரம் நிற்குமா விழுமா என்பது, அவர்கள் அங்கே காணும் காலடித் தடங்களைப் பொறுத்தது.